இரண்டு தகடும் ஒரு ட்ரில் மெஷினும்

அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தியதற்குக் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம். யார் முறையில் யார் மோட்டாரைப் போட்டார் என்று தொடங்கி, கல்யாணத்தில் யார் யாரைக் கவனிக்கவில்லை என்பது வரை போய், மேட்டுப்பாளையம் பக்கம் ஒரே தோட்டத்தில் இரண்டு வீடாக இருந்துகொண்டு முகம் பார்க்காமல் வாழப் பழகிக்கொண்டார்கள். எனக்கு அப்பாவைவிடச் சித்தப்பாவைப் பிடிக்கும். இந்தச் சண்டை என்றைக்குத் தீரும் என்பதுதான் அந்த வயதில் எனக்கிருந்த ஒரே கவலை.

வாழை இலை அறுக்கும் கத்தியை அப்பா ஸ்கூட்டர் பையில் அப்படியே போட்டு வைப்பார். தெரியாமல் கையை விட்ட அம்மா விரலை அறுத்துக்கொண்டாள். அதற்குப் பரிகாரமாக, உடைந்த நீல பிளாஸ்டிக் டிரம்மை வெட்டிக் கத்திக்கு உறை செய்யக் கிளம்பினார் அப்பா. இரண்டு தகடுகளின் ஓரத்தில் துளை போட்டு ரிவெட் அடித்துச் சேர்த்தால் உறை ஆகிவிடும். ஆணியைக் காய்ச்சிக் குத்தினார். துளைகள் கோணலாகி, ஓரமெல்லாம் உருகிக் கட்டிதட்டின. ட்ரில் மெஷின் இருந்தால் வேலை சுலபம். அதுவோ பாகம் பிரித்தபோது சித்தப்பாவிடம் போய்விட்டது.

என்னைத் தூது அனுப்பினார்.

"மெஷினெல்லாம் குடுத்தனுப்ப முடியாது அம்மணி. வேணும்னா உங்கப்பாவ இங்க வந்து ஓட்டிக்கச் சொல்லு" என்றார் சித்தப்பா.

அப்பா மறுபேச்சில்லாமல் போனது எனக்கே ஆச்சரியம். ஆனால் அவருக்கு எதிலும் அவசரம். முழு வேகத்தில் அழுத்தினார். பிளாஸ்டிக் உருகி, துளை போடும் பிட்டில் இடியாப்பமாகச் சுற்றிக்கொண்டது, தகடும் விரிசல் விட்டது. எங்கோ பார்ப்பது போலக் கட்டிலில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பலகைத் துண்டுகளைக் கொண்டுவந்தார். வேறு தகடுகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகைகளுக்கு நடுவே வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா ஓட்டி, அப்பப்ப பிட்ட வெளிய எடுத்துப் பொடியத் தட்டச் சொல்லு அம்மணி. அப்பத்தான் ஓட்டை சுத்தமா உழுகும்."

"உங்க சித்தப்பன அசையாம புடிக்கச் சொல்லு கண்ணு."

இருவர் தலையும் முட்டிக்கொள்ளாத குறை. நடுவில் நான் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். துளைகள் பிசிறில்லாமல் விழுந்தன. எனக்கு ஒரே சந்தோஷம்.

கடைசித் துளையில் பிட் வழுக்கிப் பலகையின் ஓரத்துக்கு ஓடியது.

"டேய், கைய எடுடா!" என்று கத்தினார் அப்பா.

சித்தப்பா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். பழக்க தோஷத்தில் நான், "சித்தப்பா, அப்பா கைய எடுக்கச் சொல்றாருங்க" என்றேன்.

"கேட்டுச்சு அம்மணி" என்றார் அவர், என்னிடம்.

ரிவெட் அடித்து முடித்ததும் சித்தப்பா கத்தியை உறைக்குள் செருகி, உருவி, மறுபடி செருகிப் பார்த்தார். அப்பா கையை நீட்டினார். சித்தப்பா அந்தக் கையில் கொடுக்கவில்லை. குனிந்து கத்தியைத் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அப்பா எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவிடம் போய், "கையிலகூடக் குடுக்கலீங்கம்மா, கீழ வெச்சுப்போட்டாரு" என்றேன்.

"நெசமாலுமா? கீழயா வெச்சாங்க?" அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. உடனே அடுப்பைப் பற்றவைத்து, பருப்பும் வெல்லமும் வைத்து ஒப்பிட்டுப் போளி சுட்டு, சித்தப்பா வீட்டில் கொடுக்கச் சொல்லித் தூக்குப்போசியை என் கையில் திணித்தாள்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவுக்குக் கொஞ்சமும் ரோஷமில்லை என்று நினைத்துக்கொண்டு, வழியெல்லாம் சித்தப்பாவைத் திட்டிக்கொண்டே போனேன்.