ஆப் முழுக்கக் கல்யாண எழுத்து

நமுனுகுலவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சங்கத்துக்கு ஒரு ஆப் செய்து கொடுத்தேன். திருவிழா, கூட்டம், நல்லது கெட்டது எல்லாம் அதில் அறிவிப்பாக வரும். என்னை யாரும் கேட்கவில்லை. பதுளைக்குப் போய் கம்ப்யூட்டர் படித்த திமிர் சும்மா இருக்க விடவில்லை.

ஆப் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் எழுத்து, ஃபோனோடு வந்த அதே மொட்டை எழுத்து. எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணக் கார்டில் வருமே, கொம்பையும் சுழியையும் கொடி மாதிரி நீட்டி விட்ட எழுத்து, அப்படி ஒரு ஃபொன்ட்டைத் தேடிப் பிடித்துப் போட்டேன். தலைப்பு மாறியது, பட்டன் மாறவில்லை. பட்டனை மாற்றினால் மெனு முறைத்தது. ஒரு வாரம் மல்லுக்கட்டி, ஆப்பின் மூலை முடுக்கெல்லாம் அதையே பூசிவிட்டுத்தான் ஓய்ந்தேன். சங்கத் தலைவர் திறந்து பார்த்துவிட்டு, "விசேஷ வீடு மாதிரியே இருக்கு தம்பி" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்ட அறிவாளி நான்.

அடுத்த மாதம் மேல் லயத்து வரிசை வீடொன்றில் ஒருவர் இறந்துபோனார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வீடு. 'நாளை பிற்பகல் நல்லடக்கம்' என்ற செய்தியை நானேதான் ஆப்பில் ஏற்றினேன். ஃபொன்ட் ஞாபகமே வரவில்லை.

மறுநாள் அந்த வாசலில் நின்றிருந்தபோது, அப்புத்தளையிலிருந்து அவர்களுடைய சொந்தக்காரப் பெண்கள் வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, கையில் பழத்தட்டு. ரோட்டு வளைவில் சாவுக்குக் கட்டியிருந்த வெள்ளைக்கொடியைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டதாம். ஆனால் தோட்டத்து ரோட்டில் வண்டியைத் திருப்ப இடமேது?

"ஆப்புல சுழிச்சு சுழிச்சு எழுதியிருந்துச்சு. வீட்டுப் பேரையும் நேரத்தையும் பாத்துட்டு, புள்ளைக்குப் பரிசம்னு நெனச்சுட்டோம்க்கா" என்று ஒருத்தி விம்மினாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்த மனிதரின் கடைசிப் பயணத்தையே கேலிக்கூத்தாக்கிவிட்டேனே!

அந்த அம்மா மெல்ல எழுந்து வந்து பழத்தட்டை வாங்கிக்கொண்டார்.

"நாங்க ஓடிப்போயி கட்டிக்கிட்டவங்க. அன்னிக்கு நம்ம சனம் ஒருத்தரும் வரல. சாகுறவரைக்கும் அவருக்கு அது ஒரு கொறதான். இன்னிக்காச்சும் பட்டு கட்டிக்கிட்டு வந்தீங்களே. உள்ள வாங்க, அவரு பாக்கட்டும்."

நான் லயத்துக்குப் பின்னால் போய் விம்மி விம்மி அழுதேன். யாராவது பார்த்திருந்தால், செத்தவருக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம் என்று நினைத்திருப்பார்கள்.