இளஞ்சிவப்புத் தாளில் தெரியாத ரத்தம்

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். கீழ்த்தளத்துப் பரிசோதனைக்கூடத்தில் பதினெட்டு வருடமாக மைக்ரோஸ்கோப்பின் மேல் குனிந்தே கிடக்கிறாள். ரத்தப் பரிசோதனை பக்கத்து மேஜைக்காரருடையது. இவளிடம் வருவது சிறுநீர் மட்டும். "என் கண்ணுல தப்பி ஒரு சிவப்பணு போயிடுமா?" என்று சாப்பிட உட்காரும்போதுகூடச் சவால் விடுவாள். இவளோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

வேலையில் அவ்வளவு கண் என்றால், வீட்டில் அந்தச் சங்கதியே அவளுக்கு ஆகாது. கழிவறை கழுவும் முறை வந்தால் என் தலையில் கட்டிவிடுவாள். "நாள் பூரா அதைத்தானே பார்க்கிறேன், வீட்லயுமா?" என்பாள். எங்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. சண்டை போடவும் வேறு ஆள் இல்லை.

போன வருடம் உருண்டை வந்தான். பரிசோதனைக்கூடத்து நர்ஸ் ஒருத்தி வேலை மாற்றலாகிப் போகும்போது கூண்டோடு கொடுத்துவிட்டுப் போன ஹாம்ஸ்டர். உள்ளங்கையில் அடங்கிவிடுவான். கன்னப்பைகளில் தீனியை அடைத்துக்கொண்டு எங்களைப் பார்ப்பான். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். தினமும் ஒரு கைப்பிடி கீரை, கடித்து விளையாட ஒரு சுண்ணாம்புக் கட்டி என்று அவனுக்கு ராஜ உபசாரம்.

கூண்டில் பரப்பும் காகிதமும் அவள் ஏற்பாடுதான். பரிசோதனைக்கூடத்தில் சிறுநீருக்கான படிவம் இளஞ்சிவப்பு. கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்தப் படிவங்கள் கட்டுக் கட்டாகத் தூங்கின. "வீணாப் போறதுதானே" என்று வாங்கி வந்து பொடிப்பொடியாகக் கிழித்துப் பரப்பினாள். தினமும் மாலை மூக்கைப் பொத்திக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பழைய காகிதத்தை அப்படியே பையில் கவிழ்ப்பாள். புதியது போடுவாள். வேலை முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உருண்டையை என் கட்டிலில் விட்டிருந்தேன். வெள்ளை விரிப்பு. அவன் ஓடவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றான். கீச் என்று ஒரு சத்தம் போட்டான். நகர்ந்ததும் பார்த்தால் மூன்று சொட்டு. சிவப்பு.

"அக்கா, இங்க வாயேன்."

வந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஊசி இல்லாத சிரிஞ்சில், விரிப்பில் ஊறுவதற்குள் ஒரு சொட்டை உறிஞ்சினாள். அன்று விடுமுறை என்பதையும் மறந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "படிகமாக் கொட்டிக் கிடக்குடி. மணல் மாதிரி. கிட்னியே போயிடுச்சு போல." அவள் குரலில் அப்படி ஒரு நடுக்கத்தை நான் கேட்டதே இல்லை.

மிருக வைத்தியர் ஒரு இளம் பெண். அக்கா சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். "படிகம் இருக்கட்டும். இவங்களுக்குச் சாதாரணமாவே சிறுநீர் கலங்கலாத்தான் இருக்கும். மனுஷங்க கணக்கை இங்க போடாதீங்க. ரத்தம்தான் எனக்குக் கவலை."

எக்ஸ்ரேயில் அவன் அடிவயிற்றில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. கடுகளவு. மூத்திரப்பையில் கல். அது வழியை அடைத்துக்கொண்டால் சிறுநீர் வெளியே வராது. வராவிட்டால் ஒரு நாள் தாங்குவதே கஷ்டம் என்றார்.

"எத்தனை நாளா ரத்தம் போகுது?"

பதினெட்டு வருடமாக ஊராரைப் பார்த்து அக்கா கேட்ட கேள்வி அது. நான் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன்.

"நாளைக்குக் காலையில ஆபரேஷன் பண்ணிடலாம். ஆனா இவ்வளவு சின்ன உடம்புக்கு மயக்க மருந்தே ஆபத்து. எழுந்திரிக்காமலே போகலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் அக்கா குப்பைப் பையைத் தரையில் கொட்டினாள். ஒரு வாரத்துக் காகிதம். ஜன்னல் வெளிச்சத்தில் மண்டியிட்டு, ஒவ்வொரு துண்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இளஞ்சிவப்பின் மேல் காய்ந்த பழுப்பு. ஒன்றில், இன்னொன்றில், பையின் அடியில் கிடந்த மிகப் பழைய துண்டிலும்.

"ஏழு நாளுடி," என்றாள். "நான்தான் தினமும் கொட்டியிருக்கேன்."

எனக்குக் கோபம் பொங்கியது. உலகத்து மூத்திரத்தை எல்லாம் பார்க்கிறவளுக்கு ஒரு எலிக்குஞ்சு மூத்திரத்தைப் பார்க்க வலித்ததா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் அடுத்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் காகிதம் பொறுக்கினேன்.

மறுநாள் ஒப்புதல் படிவத்தில் அவளால் கையெழுத்துப் போட முடியவில்லை. பேனா வழுக்கியது. நான் போட்டேன். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி, பூனைக்குக் காது வலி என்று யார் யாரோ வந்தார்கள். அக்கா கதவையே பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து வைத்தியர் வந்தார். "கல் வெளியே வந்துடுச்சு. மூச்சு நல்லா விடுறான். கண்ணும் திறந்துட்டான்."

நான் எழுந்துவிட்டேன். அக்கா எழவில்லை. "சிறுநீர் போனானா?" என்றாள்.

"இன்னும் இல்லை. உள்ளே வீங்கியிருக்கும். அவன் போகிற வரைக்கும் என்னால எதுவும் உறுதியாச் சொல்ல முடியாது."

உள்ளே அழைத்துப் போனார்கள். துண்டில் சுற்றி அக்காவிடம் கொடுத்தார்கள். வயிற்று முடி மழிக்கப்பட்டு, நூல் தையலோடு, பாதியாகச் சிறுத்துத் தெரிந்தான். மேஜையில் கையுறைப் பெட்டி இருந்தது. அக்கா அதைத் தொடவில்லை. துண்டை விலக்கி, வெறும் உள்ளங்கையில் அவனை வைத்துக்கொண்டாள்.

பத்து நிமிடம். இருபது நிமிடம். வைத்தியர் மூன்று முறை எட்டிப் பார்த்தார். நாற்பதாவது நிமிடம் உருண்டை பின்னங்காலை அசைத்தான், முதுகைக் கூனினான். கீச் என்று கத்துவானோ என்று காதைக்கூடப் பொத்திக்கொண்டேன்.

கத்தவில்லை.

அக்காவின் விரலிடுக்கில் சிறுநீர் வழிந்தது. கலங்கலாக, லேசாக இளஞ்சிவப்புக் கலந்து, ஆனால் தடையில்லாமல். மணிக்கட்டு வரைக்கும் ஓடியது. அக்கா குனிந்து மூக்கு உரசும் தூரத்தில் அதைப் பார்த்தாள். பிறகு சின்னப் பிள்ளை போலத் தேம்பித் தேம்பி அழுதாள்.

"கையைக் கழுவுக்கா," என்றேன்.

"இருடி," என்றாள். "இன்னும் போறான்."