சூரியனைக் காணாமல் சாப்பிடாத தவராசா

உருத்திரபுரத்துத் தவராசா சாப்பாட்டுப் பிரியர். காலையில் வாய்க்காலில் முழுகி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கிழக்கே பார்த்து மூன்று கை தண்ணீர் விட்டுச் சூரியனைக் கும்பிடுவார். கும்பிட்ட கை கீழே இறங்குமுன் மூக்கு குசினிப் பக்கம் திரும்பிவிடும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு எண்பதாம் ஆண்டு ஆவணியில் கண்வருத்தம் வந்தது. இரண்டு கண்ணும் சிவந்து வீங்கின. பக்கத்துக் காணிப் பேச்சியம்மா நந்தியாவட்டைப் பூ ஊறிய தண்ணீரை நாள் தவறாமல் கொண்டுவந்து கொடுத்தாள். தவராசா அதையும் விட்டுக்கொண்டு, சூரியனுக்கு நேர்த்தியும் வைத்தார். கண்ணுக்கு அதிபதி அவர்தானே. முருகனுக்கு நேர்ந்தால் காவடி எடுக்கவேண்டும்; அம்மனுக்கு நேர்ந்தால் தீ மிதிக்கவேண்டும். சூரியனோ தானாகவே வாசலுக்கு வருகிற தெய்வம். "கண் சுகமானால், தைப்பொங்கல் வரைக்கும் உம்மைக் காணாமல் ஒரு வாய் சாப்பிடமாட்டன்" என்று வாக்குக் கொடுத்தார். குளம் வெடித்துக் கிடக்கும் ஆவணி வெயிலில் இதைவிடச் சுகமான நேர்த்தி வன்னியில் கிடையாது.

கண் சுகமானது. நன்றி முழுவதும் மேலே போனது. பேச்சியம்மாவுக்கு ஒரு சிரிப்புக் கிடைத்தது.

பிறகு கார்த்திகை வந்தது. தவளைகளுக்குக்கூடத் தெரிந்த மாரிமழை, வெள்ளாண்மை செய்கிற தவராசாவுக்கு நேர்த்தி வைத்த அன்று மட்டும் மறந்துபோயிருந்தது. ஏழு குதிரை பூட்டிய ஒற்றைச் சில்லுத் தேர் வட்டக்கச்சிச் சேற்றில் புதைந்துவிட்டதோ என்னவோ, சூரியன் நினைத்த நேரத்தில்தான் எட்டிப் பார்த்தார். ஒருநாள் பஸ் கொண்டக்டர் "ஆனையிறவில நல்ல வெயில்" என்று சொன்னதைக் கேட்டு, தவராசா சைக்கிளை மிதித்துக்கொண்டு அங்கே போய், உப்பளக் கரையில் நின்று தரிசனம் பண்ணி, வரும் வழியில் பரந்தன் கடையில் இரண்டு ஆள் சாப்பாட்டை முடித்தார்.

"ஐயரைக் கேட்டு நேர்த்தியை மாத்துங்கோவனப்பா" என்றாள் மனைவி நேசமலர்.

"குடுத்த வாக்கு குடுத்ததுதான்."

அந்த மழைக்குள்தான் பேச்சியம்மாவின் புதுவீட்டுக் குடிபூரல் வந்தது. எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டிலிருந்து விரட்டப்பட்டு வந்து, கொட்டிலில் கிடந்து, மண்சுவர் எழுப்பி, கிடுகு வேய்ந்த வீடு. அவள் புருஷன் சுடலைமுத்து நேரில் வந்து, "அண்ணே, மொதப் பந்தியில நீங்கதான் ஒக்காரணும்" என்று அழைத்துவிட்டுப் போனான்.

ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கேட்டால் எவரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். தவராசாவைப்போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் மலைநாட்டு ஆட்களின் கொண்டாட்டத்துக்குப் போவார்கள். சிரிப்பார்கள், வாழ்த்துவார்கள். கை மட்டும் நனைக்கமாட்டார்கள். "இண்டைக்கு விரதம்" என்பார்கள். மூடி திறக்காத சோடாப் போத்தல் ஒன்றை வாங்கிக் குடிப்பார்கள்; அதற்குள் வீட்டுக்காரர் கை போகவில்லையே! வருடத்தில் எத்தனை விரதம் என்பது பஞ்சாங்கத்தைவிட இந்த வீடுகளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

குடிபூரலன்று வானம் கறுத்துப்போய்க் கிடந்தது. ஆனையிறவிலும் மழைதானாம்.

"நீங்கள் சாப்பிடாட்டி அவை வேற மாதிரி நினைப்பினம்" என்றாள் நேசமலர்.

"மத்தியானத்துக்குள்ள வந்திடுவார்" என்றார் தவராசா, மாமனாரை எதிர்பார்ப்பவர்போல.

வரவில்லை. வாழையிலை போட்டாயிற்று.

"ஒக்காருங்கண்ணே" என்றான் சுடலைமுத்து.

"நான்... இண்டைக்கு விரதம்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அந்த வீட்டில் எப்படிக் கேட்கும் என்பது உறைத்தது. "உண்மையான விரதம்!" என்றார் அவசரமாக. அது இன்னும் மோசமாகக் கேட்டது.

"எல்லாரும் உண்மையாத்தாண்ணே இருக்காங்க" என்றான் சுடலைமுத்து.

"சூரியனைக் காணாமல் சாப்பிடமாட்டன், கண்ணுக்கு வைச்ச நேர்த்தி. இவளைக் கேள்!"

நேசமலர் அதற்குள் இலையில் இருந்த வடையைக் கடித்துக்கொண்டிருந்தாள். "ஓம், உண்மைதான். வீட்டிலயும் இதே கூத்துத்தான்."

சுடலைமுத்து வெளியே கொட்டுகிற மழையை மரியாதையோடு பார்த்தான். "மழைக்குள்ள சூரியனா? இது புதுசா இருக்குண்ணே."

பேச்சியம்மா உள்ளே போனாள். தட்டத்தில் ஒரு சோடாப் போத்தலோடு வந்தாள், மூடி திறக்காமல். "தொடச்சுத்தான் வச்சிருக்கேன். குடிங்கண்ணே." கோபமே இல்லாத குரல். அதுதான் தவராசாவைக் குத்தியது. எவரும் கேட்காமலே எடுத்துவர அவளுக்குப் பழகியிருந்தது.

தவராசா எழுந்து முற்றத்துக்குப் போனார். அண்ணாந்தார். முகத்தில் மழை விழுந்தது. "இவ்வளவு நாளும் நான் உமக்காகக் காத்திருந்தனான்" என்றார் மேலே பார்த்து. "இண்டைக்கு நீர் எனக்காகக் கொஞ்சம் காத்திரும்."

உள்ளே வந்து இலையின் முன் சப்பணம் கட்டினார்.

"சோடாவை உள்ள கொண்டுபோ, தங்கச்சி. சோறு போடு."

"ஐயோ, நேர்த்தி?" என்றாள் நேசமலர், வாயில் வடையோடு.

"ஏழு குதிரை வைச்சிருக்கிறவர் நேரத்துக்கு வரவேணும்."

சோறு வந்தது, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, அப்பளம். பேச்சியம்மா கிண்ணத்தையே அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, போட்டுக்கொண்டே இருந்தாள். தவராசா வேண்டாமென்று ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டாம் தரம் பாயாசம் ஊற்றும்போது முற்றமெல்லாம் பளீரென்று வெளித்தது.

சுடலைமுத்து வாசலுக்கு ஓடினான். "அண்ணே! வந்துட்டாருண்ணே! நெசமாவே வந்துட்டாரு! எந்திரிச்சு வந்து பாருங்க!"

பந்தி முழுவதும் வாசலைப் பார்த்தது. பேச்சியம்மா மட்டும் அகப்பையைப் பிடித்தபடி தவராசாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

தவராசா தலை நிமிரவில்லை.

"வந்தவரை இருக்கச் சொல்லு" என்றார். "பாயாசம் முடியட்டும்."