ஏழாவது வரியில் ஒன்றும் இல்லை

என் கணவருக்கு மலத்தோடு இரத்தம் போகிறது என்பது எனக்கு முன்னால் அவருடைய மச்சாளுக்குத் தெரிந்திருந்தது. அவள் தாதி, அதனால் அவளிடம் சொன்னாராம். அவருடைய உடுப்பைத் துவைப்பது நான். முகம் வெளிறுகிறதே என்று இரும்புச்சத்துக் குளிசை வாங்கி வந்ததும் நான். விஷயம் மட்டும் அவளிடம் போயிருந்தது. நோயை நினைத்து அழுவதற்கு முன்னால் எனக்கு வந்தது எரிச்சல்தான். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

அவள் அவருடைய மாமாவின் மகள். சின்ன வயதில் இருவருக்கும் கலியாணப் பேச்சு இருந்திருக்கிறது. அது நடக்காமல் போய், அவள் வேறொருவரைக் கட்டி, இரண்டு பிள்ளைகளோடு மன்னார் டவுனில் நன்றாகத்தான் இருக்கிறாள். என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவளிடம் குறை பிடிக்க இடமில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறை. அவள் அவரை "அத்தான்" என்பாள். நான் பதினாறு வருஷமாக "இஞ்சேருங்கோ" என்றே கூப்பிட்டு வருகிறேன்.

மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னார்கள். அதற்காக வெளி மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று பேராகப் போனோம். ஸ்கான் அறை வாசலில் அவர் என்னைப் பார்த்து, "நீ இதில இரு. உள்ள வந்தாப் பயப்பிடுவாய்" என்றார். அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். அவருடைய பெல்ட், மணிக்கூடு, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் என் மடியில் இருந்தன.

ரிப்போர்ட் கிடைத்த நாளும் அதே கதைதான். பஸ்ஸில் மூன்று பேர் இருக்கும் சீற்றில் அவள் நடுவில் இருந்தாள், வாசித்துக் காட்ட வசதியாம். "ஆசனவாயில இருந்து ஆறு சென்ரிமீற்றர் மேல இருக்கு அத்தான்" என்று மெல்லிய குரலில் சொன்னாள். அவர் தலையாட்டினார். வீட்டில் கக்கூஸுக்குப் போனால் மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாளையும் போடுகிற மனிதர் அவர்.

"என்னவாம் எழுதியிருக்கு?" என்று எட்டிக் கேட்டேன்.

"பயப்பிட ஒண்டுமில்லை அக்கா. வேற இடத்துக்குப் பரவேல்லை" என்றாள். அவர் தாளை மடித்து உறைக்குள் வைத்துவிட்டார்.

மறுநாள் அவர் பாப்பாமோட்டை வயலுக்குப் போன நேரத்தில் அலுமாரியைத் திறந்து அந்த உறையை எடுத்தேன். என் புருஷனுடைய உடம்பைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியவேண்டும். அதற்கு மேல் ஒரு நல்ல நோக்கமும் எனக்கு இருக்கவில்லை.

டொக்டர்மாரின் இங்கிலீஷில் நீட்டி எழுதியிருப்பார்கள், விளங்காது என்று நினைத்திருந்தேன். திறந்தால் அது ஒரு படிவம். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில், வரிக்கு ஒரு இலக்கம். படிவம் என்றால் எனக்குச் சோறு. பிரதேச செயலகக் கந்தோரில் விண்ணப்பம் வாங்கும் மேசை என்னுடையது. மறிச்சுக்கட்டியில் இருந்து வெயிலில் வந்த மனிசனைக்கூட நிரப்பாத ஒரு வரிக்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "இல்லையெண்டா இல்லையெண்டு எழுதுங்கோ, சும்மா விடாதேங்கோ" என்று சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் எனக்குத் திட்டு.

போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் போனேன். கட்டியின் நீளம் இருந்தது. நிணநீர்க் கணுக்கள் இருந்தன. இரத்தக்குழாய்க்குள் போயிருக்கிறதா என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தது. ஏழாவது வரி, கட்டிக்கும் மலக்குடலைச் சுற்றியுள்ள உறைக்கும் இடையிலான ஆகக் குறைந்த தூரம், மில்லிமீற்றரில். அதற்கு எதிரே ஒன்றும் இல்லை. ஒரு கோடுகூட இல்லை.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அவள் இதைக் காணவில்லை. வெள்ளை உடுப்புப் போடுகிற தாதி, அத்தான் அத்தான் என்று விரல் வைத்து வாசித்தவள் இதைக் காணவில்லை. அந்த வரியில் என் கணவரின் உயிர் இருக்கலாம் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கிளினிக் நாளில் நானும் வருவேன் என்று சொல்லி உள்ளே போனேன். சத்திரசிகிச்சை நிபுணர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "அடுத்த கிழமையே ஒப்பரேஷன் செய்யலாம்" என்றார். மச்சாள் தலையாட்டினாள்.

"டொக்டர், ஏழாவது வரி நிரப்பேல்லை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு ஸ்கான் பகுதிக்குப் போன் எடுத்தார். அவர்கள் படங்களைத் திரும்பவும் பார்த்துச் சொல்ல இரண்டு மணித்தியாலம் ஆனது. வெளி வாங்கில் மூன்று பேரும் காத்திருந்தோம். மீண்டும் கூப்பிட்டபோது அந்த வரியில் பேனையால் எழுதியிருந்தது. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு.

"கட்டி உறையில முட்டுற மாதிரி இருக்கு. இப்ப வெட்டியிருந்தா மிச்சம் விட்டிருப்பம். முதல்ல கதிர்வீச்சுக் குடுத்துச் சுருக்கவேணும்" என்றார். "முந்தி இதைப் பந்தி பந்தியா நீட்டி எழுதுவினம். ஒண்டு விடுபட்டா ஆருக்கும் தெரியாது. கண்ணில படவேணும் எண்டுதான் படிவமா மாத்தினது. எங்கட கண்ணிலதான் படேல்லை."

வெளியே வந்ததும் மச்சாள் சுவரோடு சாய்ந்து அழுதாள். "நான் வாசிச்சும் கவனிக்கேல்லை அத்தான்." அவர் என் கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை வாங்கி அவளிடம் கொடுத்தார். "அழாத. உன்னில பிழையில்லை" என்றார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கண்டுபிடித்ததற்கும் ஆறுதல் அவளுக்குத்தான் போனது. அந்த இடத்தில் அவர் நோயாளி என்பதையும் மறந்து எனக்குக் கோபம் வந்தது.

கதிர்வீச்சுக்கு ஐந்து கிழமை வெளியூரில் தங்கவேண்டும். அதற்கும் ஒரு படிவம் தந்தார்கள். வீட்டில் மேசையில் வைத்து அவரே நிரப்பினார். முடித்துவிட்டு என் பக்கம் தள்ளினார், சரி பார்க்க. உடன் தங்குபவர் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

"இதை ஏன் விட்டனீங்கள்?"

"அவளுக்கு லீவு கிடைக்குமோ தெரியாது. கேக்கவேணும்."

நான் பேனையை எடுத்தேன். என் பெயரை எழுதி, உறவுமுறை என்ற இடத்தில் மனைவி என்று அழுத்தி எழுதினேன். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து வாசித்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கக்கூஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கழுவி விடுறதும் அதில இருக்கு."

"இரண்டாம் பக்கம், நாலாவது வரி" என்றேன். "வாசிச்சிட்டுத்தான் எழுதினனான்."