தொட்ட இடத்தைச் சொல்ல வைத்தவர்

கொச்சியை அடுத்த கும்பளங்கிக்கு அருகே காயலில் ஆழம் அளந்துகொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. எடுத்தால் வெறும் இரைச்சல். வைத்ததும் மறுபடி ஒலித்தது. படகின் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டேன். பேசியவர் கோமதியின் தம்பி முருகன்.

"பாலண்ணா, அக்கா போயிட்டாங்க."

"எங்கே?" என்றேன். அவர் அழுதபோதுதான் எனக்கு விளங்கியது. முந்தைய நாள் மாலை தலைவலி என்று படுத்தவர். மூளையில் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நாற்பது வயதுகூட நிரம்பவில்லை.

கோமதி அவர்களை அறிந்தவர்கள் கொச்சியில் அதிகம் இல்லை. அவர் பெயரைக் கேட்டிராதவர்களுக்காகவும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா மாநகராட்சியில் துப்புரவுப் பணியாளர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். கோமதி படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். "எனக்குத் தமிழ் சொல்லத்தான் வரும், வாசிக்கணும்னா எழுத்துக் கூட்டணும்" என்பார். அவர் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான்தான் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தார். நீர்வழிகளின் ஆழத்தை அளந்து கொடுக்கும் சிறிய நிறுவனம் அது. மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது. நான் தூத்துக்குடியிலிருந்து படகு வேலைக்கு வந்தவன். தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்தது என்பதில்தான் எங்கள் நட்பு தொடங்கியது.

படகிலிருந்து தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடுவோம். கொச்சிக் காயலின் அடியில் கூழ்போலச் சேறு. ஒலி சில இடங்களில் சேற்றின் மேலேயே பட்டுத் திரும்பும். சில இடங்களில் அதைத் துளைத்துக்கொண்டு போய்க் கெட்டித் தரையைத் தொடும். எது தரை என்பதைக் கோட்டுப்படத்தைப் பார்த்து மனிதர்தான் முடிவுசெய்ய வேண்டும். பல வருடம் அதைக் காகிதத்தில் அச்சிட்டு, அளவுகோல் வைத்துப் பார்த்துவந்தோம்.

கோமதி அதைத் திரைக்குக் கொண்டுவர விரும்பினார். வரைபடம் வரைவதற்கென்று வெவ்வேறு நாட்டினர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்திருந்த நிரல் தொகுப்பு ஒன்று அலுவலகத்தில் இருந்தது. படத்தை அது அருமையாக வரையும். ஆனால் அந்தப் படத்தின்மேல் மவுஸை வைத்து அழுத்தினால், அழுத்திய இடம் எது என்று நமக்குத் திருப்பிச் சொல்லாது. அப்படிச் சொல்ல வைப்பதைத்தான் கோமதி தன் வேலையாக எடுத்துக்கொண்டார்.

கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் திரையில் சாளரத்தைத் திறந்து காட்டும் மென்பொருள் கணினிக்குக் கணினி வேறுபடும். அலுவலகக் கணினிகளில் ஒன்று, மேனேஜர் அறையில் வேறொன்று, படகின் லேப்டாப்பில் இன்னொன்று. ஒவ்வொன்றும் மவுஸ் அழுத்தலைத் தன் பாணியில் தெரிவிக்கும். அவருடைய முதல் முயற்சியில், அழுத்தலுக்காகக் காத்திரு என்று நிரலுக்குச் சொன்னதும் சாளரமே உறைந்து வெள்ளையாகிவிட்டது.

"நாம காத்திருக்கறப்போ அதுவும் நம்மகூட நின்னுபோகுது, பாலண்ணா" என்றார். "கொஞ்சம் காத்திருக்கணும், கொஞ்சம் அதை அதோட வேலைக்கு விடணும், பின்னே திரும்பக் காத்திருக்கணும்."

அதையும் சரிசெய்தார். இடது பொத்தான் புள்ளி வைக்கும், வலது பொத்தான் அழிக்கும், நடுப்பொத்தான் வேலையை முடிக்கும். படகின் லேப்டாப்பில் நடுப்பொத்தான் கிடையாது என்று நான் சொன்னதும், ஆடும் படகில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்குமே என்று அவரே யோசித்து, எல்லாவற்றையும் விசைப்பலகையிலும் செய்யும்படி மாற்றினார்.

அந்த வருடம் ஒரு தொழிற்சாலைக்கு அமிலம் கொண்டுபோக பார்ஜ் என்கிற தட்டையான சரக்குக் கலம், புதிதாக, பெரிதாக ஒன்று வந்திருந்தது. அது போகவேண்டிய கால்வாயைத் தூர்வாரி முடித்திருந்தார்கள். நாங்கள் அளந்தோம், கோமதியின் நிரலில் நான் படகிலேயே திரையில் தரையைத் தொட்டுத் தொட்டுக் குறித்தேன். பார்ஜ் போகலாம் என்று அறிக்கை போனது. கடல்நீர் ஏறும் நேரம் பார்த்து ஒரு நாள் பகலில் அதன் முதல் பயணம்.

அன்று காலையில் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். கோமதி அறிக்கையின் படத்தோடு வந்து நின்றார்.

"பாலண்ணா, இந்த வளைவில நீங்க தொட்டது மேட்டையா குழியையா?"

"மேடு. நல்லா ஞாபகம் இருக்கு. கோடு மேலே ஏறிச்சு."

"இதில குழின்னு இருக்கு."

அவர் கணினியிடம் ஓடினார். உட்கார்ந்து நிரலைத் திறந்து பார்த்தார். வரைபடம் கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி எண்ணும். படகின் மென்பொருளோ மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி எண்ணும். மற்ற கணினிகளுக்கு அதைத் திருப்பிப்போட்டிருந்த ஒரு வரி, படகுக்கான பதிப்பில் விடுபட்டிருந்தது. கால்வாயின் தரை பெரும்பாலும் திரையின் நடுவில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நடுவில் எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் கணக்கு ஒன்றுதான். வளைவில் மட்டும் மேடு தலைகீழாகிக் குழியாகியிருந்தது.

மேனேஜரிடம் போனோம். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. "ரிப்போர்ட் கொடுத்தாச்சு கோமதி. நாளைக்குத் திருத்தினதைக் கொடுக்கலாம். இப்போ ஃபோன்ல விளிச்சுச் சொன்னா நம்ம ஆபீஸே பூட்டிப்போகும்."

"நாளைக்குத் திருத்தலாம் சார். பார்ஜ் இன்னிக்கு வருது."

"ஒருவேளை அங்கே மேடே இல்லேன்னா?"

"இல்லேன்னா என்னைத் திட்டட்டும்."

கோமதி அனுமதிக்குக் காத்திருக்காமல், மேனேஜரின் மேசையிலிருந்த தொலைபேசியிலேயே பார்ஜ் நிறுவனத்தை அழைத்தார். தன் பெயரைச் சொன்னார். "நான் எழுதின புரோகிராம் தெற்றாயிட்டு, தப்பாக் காட்டிடுச்சு. வளைவுக்கு முன்னாடி பார்ஜை நிறுத்துங்க" என்றார். மறுமுனையில் இருந்தவர் யாரையோ கேட்கப் போனார். திரும்பி வந்து, பார்ஜ் கிளம்பிவிட்டது, வயர்லெஸ்ஸில் பதில் இல்லை என்றார்.

கோமதியும் நானும் மாடிப்படியில் இறங்கிப் படகுக்கு ஓடினோம். அதுவரை அவர் எங்கள் படகில் ஏறியதே இல்லை. தண்ணீர் என்றால் பயம். அன்று ஏறி, நடுப்பலகையில் கம்பியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தார். வழியில் வாந்தியெடுத்தார். "மெல்லப் போகவா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

வளைவை நாங்கள் அடைந்தபோது பார்ஜ் எதிரே வந்துகொண்டிருந்தது. அமிலம் ஏற்றியதால் தண்ணீரில் நன்றாக அமிழ்ந்திருந்தது. சிவப்புக் கொடியை வீசியபடி படகை அதன் பாதையில் குறுக்கே நிறுத்தினேன். ஊதல் அலறியது. அதன் ஸ்ராங்கு, பார்ஜை ஓட்டுபவர், மேலிருந்து மலையாளத்தில் கண்டபடி வைதார். கோமதி எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினார். "சேட்டா, முன்னே மேடு. நிறுத்துங்க."

பார்ஜ் உடனே நிற்காது. எஞ்சினைப் பின்னோக்கிச் சுழற்றினாலும் கனம் அதை முன்னால் தள்ளிக்கொண்டே வரும். எங்களுக்கும் அதற்கும் நடுவிலிருந்த தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. எங்களோடு வந்திருந்த படகு உதவியாள் என் தோளைப் பிடித்து உலுக்கினார், விலகிவிடுவோம் என்று. கோமதி என்னைப் பார்த்தார். நான் விலகவில்லை. பார்ஜின் முகப்பு எங்கள் படகின் மேல் நிழல் விழும்படி நெருங்கி நின்றது.

ஈயக்குண்டு கட்டிய கயிற்றை எங்களுக்குப் பின்னால் வீசினேன். குண்டு சீக்கிரமே தரையில் உட்கார்ந்தது. கயிறு தொய்ந்து மிதந்ததை ஸ்ராங்கும் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் திட்டவில்லை. நங்கூரத்தை இறக்கச் சொன்னார். அதுவரை நின்றுகொண்டிருந்த கோமதி பலகையில் சரிந்து உட்கார்ந்தார்.

அந்த வேலை எங்கள் நிறுவனத்தின் கையைவிட்டுப் போனது. தன் மேசையிலிருந்து தொலைபேசியை எடுத்ததை மேனேஜர் மன்னிக்கவில்லை. அடுத்த மாதமே கோமதி விலகவேண்டி வந்தது. விலகுவதற்கு முன், தன் பிழை என்ன, அதனால் என்ன ஆகவிருந்தது என்பதை ஒளிக்காமல் எழுதி, திருத்திய நிரலை அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பினார். முதலில் அவர்கள் ஏற்கவில்லை. ஒவ்வொரு சாளர மென்பொருளிலும் தனித்தனியாகத் திருப்பாமல், எல்லாவற்றுக்கும் பொதுவான ஓரிடத்தில் எழுதச் சொன்னார்கள். மறுபடி எழுதினார். ஒவ்வொன்றிலும் திரையின் மூலைகளை அழுத்திச் சோதித்த பிறகுதான் அனுப்பினார். "நடுவில தொட்டா எல்லாம் சரியாத்தான் தோணும், பாலண்ணா" என்று அப்போது சொன்னார். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

களமசேரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேறு வேலை கிடைத்தது. கடைசியாக இடப்பள்ளியில் பேருந்துக்கு நிற்கும்போது பார்த்தேன். பயம் போய்விட்டதா, படகில் ஏறுவீர்களா என்று கேட்டேன். "அது போகல்லா" என்று சிரித்தார்.

செய்தி வந்த அன்று பிற்பகல் மட்டாஞ்சேரியில் அவர் வீட்டுக்குப் போனேன். முருகனோடு வேலை செய்யும் மாநகராட்சிக்காரர்கள் பணிச்சீருடையிலேயே வந்திருந்தார்கள். கோமதியின் அம்மா என்னை அருகில் அழைத்தார்.

"எம்மவ கம்ப்யூட்டர்ல என்னமோ செஞ்சான்னு சொல்லுவாங்க. கேட்டா சிரிப்பா. என்ன செஞ்சா, தம்பி?"

"திரையில படம் வரும்மா. அதுல ஓர் இடத்தைத் தொட்டா, அது எந்த இடம்னு கம்ப்யூட்டர் சொல்லும். கோமதிதான் அப்படிச் சொல்ல வெச்சாங்க. எங்கெங்கேயோ இருக்கறவங்க இன்னிக்கு அதைத் தொட்டுக்கிட்டு இருக்காங்க."

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். "சரியாச் சொல்லுமா?"

"சரியாச் சொல்லும்மா."

அவர் மகளின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். தூக்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

வணங்கி விடைகொடுக்கிறேன், கோமதி.