கிணற்று மோட்டாருக்குக் கடன் தந்தவர்

அன்று பரளச்சியில் என் கிணற்றடியில் நின்றது மூன்றே பேர்: நான், என் வீட்டுக்காரி, மோட்டார் கடன் பற்றிப் பேச வந்த பேங்கு ஆபீசர். ஒல்லியான மனிதர். எதைப் பேசும் முன்பும் பேப்பரை விரித்துப் பருத்தி விலையைப் பார்த்துக்கொள்வார்.

வட்டிக்காரர் முன் நின்ற பழக்கத்தில் நான் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினேன்.

"துண்டத் தோள்லயே போடுங்க. நாங்க தர்மமா தாரோம்? வட்டி வாங்கிட்டுத்தான தாரோம்!"

"பருத்தி விலை விழுந்தா நெலம் போயிருமேய்யா?"

"பாதியில மிளகா போடுங்க. ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு தாங்கும்."

"இவுக ரெண்டுக்கும் சேத்துப் பயப்படுவாக," என்றாள் வீட்டுக்காரி. அவர் சிரித்துவிட்டார்.

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன், எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வருஷம் பருத்தி விழுந்தது. மிளகாய்தான் தவணை கட்டியது. அவர் எந்த ஊருக்கு மாறிப்போனாரோ, தெரியவில்லை. யார் கேட்டாலும் துண்டைத் தோளில் போட்டபடி நிமிர்ந்தே சொல்கிறேன்: பேங்குக்கு நான் தரவேண்டிய பாக்கி இன்னும் முந்நூறு ரூபாய்.