பட்டினிக்குக் கிடைத்த நார்மல்

கிழக்குத் தாம்பரத்தில் நான் சுகர் பார்க்கப் போகும் லேபில்தான் அவரைச் சந்தித்தேன். ஐ.டி. கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸின் டிரைவர். அவருடைய காக்கிச் சட்டைக்குள் இன்னொரு ஆளும் நுழையலாம். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள். பேசும்போதெல்லாம் அதை இழுத்து இழுத்து இறுக்கிக்கொண்டார்.

வருஷத்துக்கு ஒருமுறை சுகர் நார்மல் என்று ரிப்போர்ட் காட்டினால்தான் ஒப்பந்தக்காரர் வண்டியைத் தொடர்ந்து தருவாராம். சுகர் இருந்தும் அவர் வைத்தியம் எதுவும் செய்துகொள்ளவில்லை. சில நாட்களாகச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டு, மோரும் தண்ணீருமாக ஓட்டியிருக்கிறார்.

ரிப்போர்ட் நார்மல் என்றே வந்தது. அவருக்கு ஒரே சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிற எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"சாப்பிட்டாத்தான் அண்ணா உடம்பு சதையைக் கட்டும். பட்டினி போட்டா, கட்டி வெச்சதையே உடைச்சு எரிக்கும். கொழுப்பும் போகும், சதையும் போகும். உங்க உடம்பு உங்களையே தின்னுக்கிட்டிருக்கு."

"பேஜார் பண்ணாத சார். என் சதைய நான்தானே துன்னுகினு கீறேன். வேற எவனாச்சும் துன்றானா?"

வெளியே, ஒப்பந்தக்காரரின் பெயரைப் பெரிதாக எழுதிய பஸ் நின்றிருந்தது. கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டுதான் அவரால் படியேற முடிந்தது.

எவனும் தின்னவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.